கையில் காசில்லாத நேரத்தில் வங்கி வெட்டிய கட்டணம்: சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போகலாமா?

ஈஸ்ட்ஹாம் அம்மா (2022 அக்டோபர்)

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் வங்கிக்கு எதிராகச் சிறு கோரிக்கை நீதிமன்றம் (சிறிய தொகை வழக்குகளைப் பார்ப்பது) போன யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

இவர் (என் கணவர்) உணவகச் சமையலறையில் வேலை செய்கிறார். 2018 இல் முதுகு வலி வந்ததும் வேலை மணித்தியாலங்களைக் குறைத்துவிட்டார்கள். அதற்கு முன்பும் கை இறுக்கம்தான். கணக்கில் காசில்லாத நாளில் தண்ணீர் பில், கவுன்சில் வரிக்குக் கணக்கிலிருந்து தானாக எடுக்கும் டைரக்ட் டெபிட் திரும்பிப் போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டணம். அனுமதியில்லாத ஓவர்டிராஃப்ட் (கணக்கு மைனஸில் போவது) என்று நாள் கணக்கில் இன்னொன்று. அந்த வெட்டினாலேயே அடுத்த மாதம் கணக்கு மைனஸில் தொடங்கும், அதற்கும் கட்டணம். பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் வந்து விழுந்த அன்றே பாதி போன மாதங்கள் உண்டு. 2017 டிசம்பரிலிருந்து 2020 மார்ச் வரை கூட்டினால் 780 பவுண் வருகிறது.

தெரிந்த ஒருவர் தந்த மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினோம். 1999 ஆம் ஆண்டு நியாயமற்ற ஒப்பந்த விதிகளின்படி இந்தக் கட்டணம் செல்லாது, உங்களுக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்று காட்டுங்கள் என்பதுதான் கடிதம். செப்டம்பர் தொடக்கத்தில் வந்த பதிலில், 2009 உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி மறுத்துவிட்டார்கள். மேலே 'இறுதிப் பதில்' என்று போட்டிருக்கிறது.

இனி நேராக வழக்குப் போடலாமா? தோற்றால் வங்கி வக்கீலின் செலவும் எங்கள் தலையில் விழுமா? எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும். நீதிபதி முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மிட்சம்காரன்

அக்கா, யோசிக்காமல் போடுங்கள். 2007 இல் என் தமையன் இதே மாதிரிக் கடிதத்தை வைத்து வழக்குப் போட்டார். விசாரணைக்கு முன்பே வங்கி முழுக் காசையும் கணக்கில் போட்டுவிட்டது. அவர்கள் நீதிமன்றம் வரப் பயப்படுவார்கள்.

ஹாரோ அண்ணர்

தம்பி சொல்வது 2007 க்கு உண்மை. இன்று அந்தக் கடிதத்தை வைத்து வழக்குப் போட வேண்டாம், தங்கச்சி. ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பழைய கடிதம் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

2006 ஏப்ரலில் நியாய வர்த்தக அலுவலகம் (நுகர்வோருக்காக வர்த்தகத்தைக் கண்காணித்த அரசு அமைப்பு), கடன் அட்டைத் தாமதக் கட்டணம் 12 பவுணுக்கு மேல் போனால் நியாயமற்றது என்று கருதுவோம் என்றது. அதைப் பிடித்துக்கொண்டு சனம் நடப்புக் கணக்குக் கட்டணத்தையும் திருப்பிக் கேட்கத் தொடங்கியது. திரும்பிய ஒரு டைரக்ட் டெபிட்டுக்கு 30 பவுணுக்கு மேல் வெட்டிய காலம் அது. ஆயிரக்கணக்கில் வழக்குகள் வந்தன. ஒரு தீர்ப்பு எதிராக வந்துவிட்டால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டிவரும் என்பதால், வங்கிகள் விசாரணைக்கு முன்பே காசைக் கொடுத்து முடித்தன. தம்பியின் தமையனுக்கு நடந்தது அதுதான்.

2007 ஜூலையில் அந்த அலுவலகமும் எட்டு நிறுவனங்களும் இதை ஒரு முன்மாதிரி வழக்காக மேல் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார்கள். கவுண்டி நீதிமன்ற வழக்குகள் அப்படியே நிறுத்திவைக்கப்பட்டன. முதல் இரண்டு நீதிமன்றங்களில் வங்கிகளுக்குச் சரிவரவில்லை. ஆனால் 2009 நவம்பர் 25 அன்று, அந்த அக்டோபரில்தான் திறந்த உச்ச நீதிமன்றம், இந்தக் கட்டணமும் கணக்குச் சேவைக்கான விலையில் ஒரு பகுதி, விலை கூடுதல் என்ற காரணத்துக்காக அந்த விதிகளின்கீழ் நியாயம் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டது. அடுத்த மாதமே அலுவலகம் விசாரணையைக் கைவிட்டது. 1999 விதிகளின் இடத்துக்கு 2015 இல் நுகர்வோர் உரிமைச் சட்டம் வந்தது. விலை பற்றிய விலக்கு அதிலும் இருக்கிறது. 'கட்டணம் கூடுதல்' என்று மட்டும் எழுதிப் போனால், வங்கி வக்கீல் அந்தத் தீர்ப்பை நீட்டி வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்வார். நீதிமன்றத்துக்குக் கட்டிய கட்டணம் போனதுதான்.

உங்களுக்கு வழி வேறு இடத்தில் இருக்கிறது. 2009 நவம்பரிலிருந்து வங்கிகளுக்கு வாடிக்கையாளரை நியாயமாக நடத்தும் கடமை விதியாகவே இருக்கிறது. இப்போது அது வங்கிகளைக் கண்காணிக்கும் நிதி நடத்தை ஆணையத்தின் கையில். கஷ்டத்தில் இருக்கிறீர்கள் என்று தெரிந்த பிறகும், எழுந்து நிற்க விடாமல் மேலும் மேலும் வெட்டினார்களா? உங்கள் கேள்வி அதுதான். அதற்கு ஒரே ஒரு விடை தேவை: வங்கிக்கு எப்போது தெரிந்தது? உங்கள் கணவருக்கு வேலை குறைந்ததை யாராவது அவர்களிடம் சொன்னீர்களா?

ஈஸ்ட்ஹாம் அம்மா

சொன்னோம் அண்ணா. 2018 இல் இவர் ஃபோன் எடுத்துக் கதைத்தார். எந்த நாள் என்று நினைவில்லை. ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் சொன்னார்கள். கையில் எழுத்தாக எதுவும் இல்லை.

ஹாரோ அண்ணர்

உங்கள் கையில் இல்லாவிட்டால் பரவாயில்லை, அவர்கள் கணினியில் இருக்கும். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களைப் பற்றி வைத்திருக்கும் தரவு எல்லாவற்றையும் கேளுங்கள். முன்பு 10 பவுண் கேட்பார்கள், 2018 மே முதல் இலவசம். ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். கணக்கு அறிக்கையை மட்டும் கேட்காதீர்கள். தொலைபேசி அழைப்பு பற்றி ஊழியர் தட்டச்சு செய்த குறிப்புகள், ஒலிப்பதிவு இருந்தால் அது, கடிதப் பிரதிகள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இல்லாவிட்டால் அறிக்கைகளை மட்டும் கட்டி அனுப்பிவிடுவார்கள்.

இன்னொன்று. இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், வங்கிகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போக வேண்டும். உங்களுக்கு அது மார்ச் தொடக்கம். நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

கிளாஸ்கோ தமிழன்

இதை வாசிக்கும் ஸ்கொட்லாந்து ஆட்களுக்கு: சிறு கோரிக்கைக்குப் பதிலாக இங்கே 'எளிய நடைமுறை', உச்ச வரம்பு 5,000 பவுண். வழக்குப் போடும் காலக்கெடுவும் இங்கிலாந்து போல ஆறு வருடம் இல்லை, ஐந்துதான். லண்டன் கணக்கை வைத்து ஏமாந்துவிடாதீர்கள்.

ஈஸ்ட்ஹாம் அம்மா (2022 டிசம்பர்)

அண்ணா, குறிப்புகள் வந்தன. 2018 ஜூலையில் ஒரு வரி இருக்கிறது: 'வாடிக்கையாளர் அழைத்தார், வேலை நேரம் குறைந்துள்ளது, வாடகை கட்டச் சிரமம், கட்டணத்தை நீக்கக் கேட்டார், மறுக்கப்பட்டது.' அதற்குக் கீழே அடுத்த வரியே அந்த மாதக் கட்டணம். பார்த்ததும் இவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அழைப்புக்குப் பிறகு வெட்டியது மட்டும் 630 பவுண்.

நீங்கள் சொன்னபடி, கட்டணம் கூடுதல் என்ற பேச்சே இல்லாமல், கஷ்டம் தெரிந்தும் தொடர்ந்தீர்கள் என்று புதிதாக முறைப்பாடு எழுதினேன். அந்த வரியின் பிரதியையும் வைத்தேன். நல்லெண்ண அடிப்படையில் 300 பவுண் தருகிறோம், இத்துடன் விஷயம் முழுமையாக முடிந்ததாகக் கையெழுத்திடுங்கள் என்று பதில் வந்திருக்கிறது.

மிட்சம்காரன்

பார்த்தீர்களா அக்கா, பயந்துவிட்டார்கள். இப்போது வழக்குப் போடலாம் அல்லவா?

ஹாரோ அண்ணர்

கையெழுத்திட வேண்டாம். போட்டால் மிச்சம் 330 உம் போய்விடும்.

நீதிமன்றமும் திறந்துதான் இருக்கிறது, தம்பி. ஆணையத்தின் விதியை மீறியதால் நட்டப்பட்ட தனிநபர் வழக்குப் போடலாம் என்று நிதிச் சேவைகள் சட்டத்தின் 138டி பிரிவு சொல்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண் வரை சிறு கோரிக்கை. 500 க்கு மேல் 1,000 வரையான கோரிக்கைக்கு நீதிமன்றக் கட்டணம் 70 பவுண், விசாரணைக்குப் போனால் மேலும் 85. அரசு உதவித்தொகையான யூனிவர்சல் கிரெடிட் எடுப்பவர்கள் குறைந்த வருமானத்தைக் காட்டி விலக்கும் கேட்கலாம். தங்கச்சி தொடக்கத்தில் கேட்ட செலவுக் கேள்விக்கு: சிறு கோரிக்கையில் தோற்றாலும், முறைகேடாக நடந்துகொள்ளாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் செலவு பொதுவாகத் தலையில் விழாது. பேசுவதற்கு மகனையோ நண்பரையோ கூட்டிப் போகலாம். அவர் உங்களுக்காகப் பேசுவார், நீங்களும் கூடவே இருக்க வேண்டும்.

ஆனாலும் முதலில் ஒம்புட்ஸ்மன்தான் என்பது என் கருத்து. செலவில்லை. தமிழில் உதவி வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வார்கள். முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் வங்கி கட்டுப்பட வேண்டும். பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டு நீதிமன்றம் போகலாம். மாறாக, நீதிமன்றம் ஒரு முடிவு சொல்லிவிட்டால் பிறகு ஒம்புட்ஸ்மன் எடுக்கமாட்டார்.

ஒரு எச்சரிக்கை: ஒம்புட்ஸ்மன் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் நீதிமன்றத்தின் ஆறு வருடக் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் முதல் வெட்டு 2017 டிசம்பர். 2023 டிசம்பருக்குள் முடியாவிட்டால் பழையவை ஒவ்வொன்றாகக் கைநழுவும்.

இலவசமாகச் செய்யக்கூடிய இந்த வேலையை உங்களுக்காகச் செய்கிறோம் என்று கோரிக்கைக் கம்பெனிக்காரர் கிடைக்கும் காசில் பங்கு கேட்டு வருவார்கள். கொடுக்காதீர்கள்.

குறோய்டன் தங்கை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு இதே நிலைமை இப்போதுதான் நடக்கிறது. பழையதைக் கேட்பதற்கு முன், வரும் மாதச் சம்பளத்தை எப்படிக் காப்பாற்றுவது?

ஹாரோ அண்ணர்

வேறு வங்கியில் 'பேசிக் பேங்க் அக்கவுண்ட்' திறந்து சம்பளத்தை அங்கே திருப்புங்கள். பெரிய வங்கிகள் அதைத் தர வேண்டும் என்பது 2016 செப்டம்பரிலிருந்து சட்டம். அதில் ஓவர்டிராஃப்ட் கிடையாது, திரும்பிய டைரக்ட் டெபிட்டுக்குக் கட்டணமும் கிடையாது. கடன் எதுவும் இல்லாத வங்கியாகப் பாருங்கள். அதே வங்கி என்றால் பழைய கடனுக்குப் பிடித்துக்கொள்வார்கள். மாறும்வரை, வரும் பணத்தில் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுத்தில் வங்கிக்கு அறிவித்துவிடுங்கள். கடனுக்கு எடுப்பதற்கு முன் அதை மதிக்கும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 2020 ஏப்ரல் 6 முதல் அனுமதியில்லாத ஓவர்டிராஃப்டுக்கு நாள் கட்டணம் எடுக்க அனுமதி இல்லை, வட்டி மட்டும்தான். ஆனால் பல வங்கிகளில் அந்த வட்டி 40 சதவீதத்துக்குப் பக்கத்தில். ஆகவே சட்டம் மாறியது என்று நம்பி மைனஸில் இருந்துவிடாதீர்கள்.

ஈஸ்ட்ஹாம் அம்மா (2023 ஜூலை)

ஒம்புட்ஸ்மனின் விசாரணையாளர் எழுதியிருக்கிறார். 2018 ஜூலை அழைப்புக்குப் பிறகு வங்கி உதவியிருக்க வேண்டும், அந்த 630 பவுணையும், ஒவ்வொரு வெட்டும் நடந்த நாளிலிருந்து வருடத்துக்கு 8 சதவீதத் தனி வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்கிறார். அதற்கு முந்தைய 150 கிடையாது. வங்கி ஒத்துக்கொண்டுவிட்டது. அந்த 150 க்கு மட்டும் வழக்குப் போடலாமா, அல்லது ஏற்றுக்கொள்ளலாமா?

ஹாரோ அண்ணர்

மிகவும் சந்தோஷம், தங்கச்சி. ஏற்றுக்கொள்ளுங்கள். 2018 ஜூலைக்கு முன் வங்கிக்குத் தெரிந்ததைக் காட்ட உங்களிடம் எதுவும் இல்லை. அது பழைய 'கட்டணம் கூடுதல்' வாதத்துக்கே திரும்பிப் போகும்.

பதில் எழுதும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, அந்தக் கட்டணங்களால் கடன் பதிவேட்டில் விழுந்த குறிகளை நீக்கச் சொல்லுங்கள். இரண்டு, வட்டியில் 20 சதவீதம் வருமான வரி பிடித்துத் தருவார்கள், அதற்கான சான்றிதழை வாங்குங்கள். உங்கள் கணவருடைய வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லை என்றால், ஆர்40 படிவத்தில் அதையும் வரித் திணைக்களத்திடம் திருப்பிக் கேட்கலாம்.