தண்டப்பணம், வாகனத் தரிப்பிடக் கட்டணம்: சபைகளின் இறுதிக் கணக்குகள் யாரிடமாவது உண்டா?

வணக்கம், ஸலாம்.

இலங்கையின் கிழக்கு மாகாணத்திலுள்ள ஏறாவூர், காத்தான்குடி நகர சபைகளும் கல்முனை, அக்கரைப்பற்று மாநகர சபைகளும் தண்டப்பணத்தையும் தரிப்பிடக் கட்டணத்தையும் எவ்வளவு நம்பியிருக்கின்றன என்று ஒப்பிட, 2021 முதலான இறுதிக் கணக்குகள் தேவை. பட்ஜெட் பிரதி மட்டும் போதாது. அதிலிருப்பது எதிர்பார்ப்பு, கைக்கு வந்த காசில்லை.

சிக்கல் இதுதான். நீதிமன்றத் தண்டப்பணம் மாகாணப் பிரதம செயலாளர் ஊடாகவே சபைக்கு வருகிறது, அதுவும் பிந்தி. போன வருடக் காசு இந்த வருட வரவில் நிற்கும். கணக்காய்வு அறிக்கைகளில் முத்திரைக் கட்டணமும் இதோடு வருமதியாக (இன்னும் வரவேண்டிய காசாக) காட்டப்படுவது வழக்கம். அது காணி கைமாறும்போது வருவது. இரண்டையும் கூட்டினால், காணி விற்பனை சூடுபிடித்த வருடத்தில் ஹெல்மெட் போடாமல் தண்டம் கட்டியவர்கள் கூடியதுபோலத் தெரியும்! தரிப்பிடத்தை டெண்டரில் குத்தகைக்கு விட்டிருந்தால், அந்தக் காசு வாடகைத் தலைப்பிலும் கிடக்கலாம்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பிப்பவர்கள் "வருமானம் எவ்வளவு" என்று மொட்டையாகக் கேட்க வேண்டாம், ஒற்றைத் தொகைதான் வரும். ஆரம்ப நிலுவை, அந்த வருடத்துக்குரியது, கிடைத்தது, இறுதி நிலுவை என்று நான்கு நிரலாகக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும்.

பிரதி வைத்திருப்பவர்கள் வரவுப் பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினாலே போதும். சபைக் கணக்குப் பிரிவில் வேலை செய்தவர்கள் யாராவது, தரிப்பிடக் குத்தகையை எந்த வரவுத் தலைப்பில் பதிவார்கள் என்று சொல்லுங்களேன்.