இபிடிஎம் பிசிறை மைக்ரோவேவில் இளக்க முடியுமா? ஏழாவது நிமிஷத்தில் புகை வந்துவிட்டது

அம்பத்தூர்_கேஸ்கெட்:
வணக்கம். மூன்று பிரஸ், ஒரு ரோல் மில் (ரப்பரைப் பிசையும் இரட்டை உருளை) வைத்துச் சின்ன மோல்டிங் யூனிட் நடத்துகிறேன். கேஸ்கெட், புஷ், ஓ ரிங் எல்லாம் போடுகிறோம். ஓ ரிங்கில் பொருளைவிட, அச்சுக்கு வெளியே பிதுங்கி வெட்டி எறியும் பிசிறுதான் அதிகம். மாதம் 150 கிலோ இபிடிஎம் (ஒரு செயற்கை ரப்பர்) பிசிறு சாக்கில் சேருகிறது. எடுத்துப் போகிறவர் கொடுக்கும் காசு டீ செலவுக்கே காணாது. அதே காம்பவுண்டை (கலவை போட்ட வேகாத ரப்பரை) நான் என்ன விலைக்கு வாங்கினேன் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

மைக்ரோவேவில் வைத்தால் ரப்பர் சங்கிலிகளைக் கட்டிவைக்கும் கந்தகப் பிணைப்பு அறுந்து, பிரஸ்ஸில் வெந்த ரப்பர் மறுபடி வேகாத ரப்பராகிவிடும், நூற்றுக்கு நூறு புதுசு மாதிரி என்று மெஷின் விற்க வந்த ஒருவர் சொன்னார். வீட்டில் ஓரங்கட்டிய 700 வாட் மைக்ரோவேவ் அடுப்பை யூனிட்டுக்குத் தூக்கி வந்தேன். (இனி வீட்டுக்குத் திரும்பாது என்று மனைவியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.) அரைத்த பிசிறு 200 கிராம், கண்ணாடிக் கிண்ணத்தில் 8 நிமிஷம். ஆறாவது நிமிஷத்தில் அழுகின முட்டை நாற்றம், ஏழில் புகை. கிண்டிப் பார்த்தால் நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்குத் தார் மாதிரி ஒட்டுகிறது. ஓரத்தில் இருந்தது வெதுவெதுப்போடு சரி, இன்னும் துள்ளுகிறது. வெள்ளை இயற்கை ரப்பர் துண்டு ஒன்றை வைத்தேன், அது சூடேறவே மறுக்கிறது. இது நடக்கிற காரியமா, ஏமாற்று வேலையா?

பழைய_லேப்_ஆள்:
ஏமாற்று இல்லை சார். ஆனால் "நூற்றுக்கு நூறு" என்கிறவரிடம் மெஷின் வாங்காதீர்கள்.

சூடானது உங்கள் ரப்பர் இல்லை, அதில் கலந்திருக்கும் கரித்தூள், கார்பன் பிளாக். இபிடிஎம்மோ இயற்கை ரப்பரோ மைக்ரோவேவைப் பெரிதாக உறிஞ்சாது. கருப்புதான் உறிஞ்சிச் சுற்றியுள்ள ரப்பரை உள்ளிருந்தே சூடாக்குகிறது. வெள்ளைத் துண்டு சும்மா இருந்தது அதனால்தான்.

பூக்கட்டும்போது முடிச்சை மட்டும் அவிழ்க்கணும், நாரை அறுக்கக் கூடாது. இங்கே நார் என்பது கார்பன் சங்கிலி, அறுக்க மோலுக்குச் சுமார் 350 கிலோ ஜூல் வேண்டும். முடிச்சு கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் இடையில், 270-க்கும் கீழே போதும். மைக்ரோவேவ் பார்த்துப் பார்த்து முடிச்சை அவிழ்ப்பதில்லை. சூடு ஏறும்போது பலவீனமானது முதலில் போகிறது, அவ்வளவுதான். நிறுத்தத் தவறினால் நாரும் போகும். அதுதான் உங்கள் தார் உருண்டை. இபிடிஎம்மின் முதுகெலும்பில் இரட்டைப் பிணைப்பு இல்லாததால் கொஞ்சம் தாங்கும். டயரில் உள்ள இயற்கை ரப்பருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

குட்இயர் கம்பெனி 1978-ல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது. அதில் சொன்ன கணக்கு, ஒரு பவுண்டுக்கு 41 முதல் 177 வாட் மணி. கிலோவுக்குச் சுமார் 90 முதல் 390. உங்கள் 200 கிராமுக்கு 18 முதல் 78. 700 வாட்டில் ஒன்றரை நிமிஷத்திலிருந்து ஆறே முக்கால் நிமிஷம். நீங்கள் எட்டு நிமிஷம் ஓட்டியிருக்கிறீர்கள், 93 வாட் மணி! கொடுக்கும் மின்சாரம் முழுக்க ரப்பருக்குள் போகாது என்பது வேறு விஷயம், ஆனால் நடுவில் விழும் இடத்தில் அது போதும்.

புரொஃபைல்_லைன்:
எனக்கு இதில் ஒரு சிரிப்பு. நான் கார் கதவு பீடிங் (ஓரத்து ரப்பர் பட்டை) போடும் லைனில் இருக்கிறேன். நாங்கள் மைக்ரோவேவ் டனலில் இபிடிஎம்மை *வேக வைக்கிறோம்*. அண்ணன் அதே அலையில் வெந்ததை அவிழ்க்கப் பார்க்கிறார். எல்லாம் சூட்டின் அளவுதான்.

வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் அலை ஓரிடத்தில் குவியும், பக்கத்தில் சூனியம். தட்டு சுற்றினாலும் நடு சுற்றாது. 50 கிராமுக்கு மேல் வைக்காதீர்கள், நிமிஷத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கிண்டுங்கள். புஷ்ஷிலிருந்து உலோகத் துணுக்கு கலந்திருந்தால் பொறி பறக்கும். நிறுத்தின பிறகும் உள்ளே கனன்று கொண்டிருக்கும், அதனால் திறந்த வெளியில் வையுங்கள். அந்த முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, மூக்கு பழகிவிட்டால் ஆபத்து.

அப்புறம் முக்கியமான கேள்வி: உங்கள் காம்பவுண்ட் சல்ஃபர் க்யூரா (கந்தகம் போட்டு வேக வைப்பதா), பெராக்சைடு க்யூரா (பெராக்சைடு போட்டு வேக வைப்பதா)?

அம்பத்தூர்_கேஸ்கெட்:
தம்பி, ஸ்டீம் லைன் கேஸ்கெட் எல்லாம் பெராக்சைடு. புஷ்ஷும் சாதா ஓ ரிங்கும் சல்ஃபர். பிசிறு ஒரே சாக்கில்தான் போகிறது.

பழைய_லேப்_ஆள்:
அப்போது பாதி வேலை அங்கேயே கெட்டது. பெராக்சைடில் முடிச்சே கார்பனுக்கும் கார்பனுக்கும்தான். நாரும் முடிச்சும் ஒரே பலம். அவிழ்க்கப் பலவீனமான இடமே இல்லை. முதலில் பிரியுங்கள். டைக்யூமைல் பெராக்சைடு போட்டதை மோந்தால் ஒரு தித்திப்பு வாசம் அடிக்கும், அசிட்டோஃபீனோன்.

பிரித்தபின் டொலுயீனில் மூன்று நாள் ஊற வைத்து, எவ்வளவு கரைந்தது, எவ்வளவு ஊதியது என்று பாருங்கள். கரைந்தது கொஞ்சம், ஊதியது நிறைய என்றால் முடிச்சு அவிழ்ந்திருக்கிறது. இரண்டுமே நிறைய என்றால் நாரையும் அறுத்துவிட்டீர்கள். ஹோரிக்ஸ் 1956-ல் காட்டிய வழி, இன்றைக்கும் அதுதான். ஆனால் இபிடிஎம்மில் எண்ணெய் ஏகமாக இருக்கும். முதலில் அசிட்டோனில் எண்ணெயை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் எண்ணெய் கரைந்ததை ரப்பர் என்று நினைத்துச் சந்தோஷப்படுவீர்கள். நான் பட்டிருக்கிறேன், ஒரு மாதம்.

கலக்கும்போது புது காம்பவுண்டில் 10 சதவீதத்தில் ஆரம்பியுங்கள். ஸ்கார்ச் நேரம், அதாவது வேக ஆரம்பிக்கும் முன் கிடைக்கும் அவகாசம், குறையும், ரோலிலேயே வெந்துவிடப் போகிறது.

அம்பத்தூர்_கேஸ்கெட்:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். ஆறு சாக்கையும் கொட்டி, நானும் பிரஸ் பையனும் மோந்து மோந்து பிரித்தோம். தலைவலிதான் மிச்சம் என்று நினைத்தேன், ஆனால் வாசம் நன்றாகவே தெரிகிறது. நாலு சாக்கு தித்திப்பு. அதற்குச் சிவப்பு பெயிண்ட் அடித்தாயிற்று, அது வழக்கம்போல டீ செலவுக்கு.

மீதி இரண்டில் 50 கிராம் வைத்து, அரை நிமிஷம் அரை நிமிஷமாகக் கிண்டி, மொத்தம் ஒன்றரை நிமிஷம். புகை இல்லை. முன்பு ரோலில் போட்டால் தூளாகக் கீழே கொட்டும். நேற்று ரோலைப் பிடித்துக்கொண்டு ஷீட்டாக வந்தது. ஓரம் மட்டும் ஜரிகை மாதிரி கிழிகிறது. டொலுயீன் பாட்டில் ஷெல்ஃபில் ஊறுகிறது, வெள்ளிக்கிழமை எடை போட்டுச் சொல்கிறேன்.