ஃபிராக்கிங் பேச்சு உங்கள் வீட்டிலும் வந்ததா? நடந்ததைச் சொல்லுங்கள்

தக்கலைக்காரன்:
போன மாதம் ஒரு கல்யாண வீட்டுக்குக் குளச்சல் போயிருந்தேன். பந்தி முடிந்து திண்ணையில் சாய்ந்தபோது மாமா ஆரம்பித்தார். நான் அமெரிக்காவில் டெக்சாஸின் மிட்லாண்ட் எண்ணெய் வயல் பக்கம் இரண்டு வருடம் வேலை பார்த்தவன் என்று அவருக்குத் தெரியும். "ஃபிராக்கிங்னா என்னதுடே? நம்ம கடலுக்கும் அதுதான் வருதா?"

சொன்னேன். கிலோமீட்டர் கணக்கில் ஆழமாகத் துளை போட்டு, அடியில் பக்கவாட்டில் திருப்பி, தண்ணீரையும் மணலையும் கொஞ்சம் ரசாயனத்தையும் பேரழுத்தத்தில் ஏற்றினால் பாறை கீறும். அழுத்தத்தை எடுத்ததும் கீறல் மூடிவிடாமல் மணல் முட்டுக்கொடுக்கும். எரிவாயு அந்த வழியாகக் கசிந்து வரும்.

"மணலா?" நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கருமணல் அள்ளும் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக்காரரிடம் மணல் என்று சொல்லியிருக்கக் கூடாது. அது சிலிக்கா மணல் மாமா, நம்ம கருமணல் இல்லை என்றேன். "எந்த மணலா இருந்தா என்ன, எவன் ஊர்லயாவது குழி விழும்லா?"

அப்புறம் தண்ணீர். ஒரு எரிவாயுக் கிணற்றுக்குச் சாதாரணமாக ஒரு கோடி லிட்டருக்கு மேல் போகும் என்றதும் விரலை மடக்கினார். 12,000 லிட்டர் டேங்கர் என்றால் எண்ணூறு லோடுக்கு மேல். "நம்ம ரோட்டுல ஒரு டேங்கர் எதிரே வந்தாலே ஒதுங்க இடமில்ல."

எனக்கு அதில் முழு வெறுப்பு இல்லை. மலிவான எரிவாயு வந்த பிறகு அமெரிக்காவில் நிலக்கரி நிலையங்கள் நிறைய மூடப்பட்டன, மின்துறையின் கரியமில வாயு வெளியீடு குறைந்தது. ஆனால் அங்கேயே ஓக்லஹோமாவில் எண்ணெய், எரிவாயுக் கிணறுகளின் கழிவுநீரைப் பூமிக்குள் ஏற்றி ஏற்றி 2016இல் 5.8 அளவுக்கு நிலம் ஆடியதையும் மறைக்க முடியவில்லை. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அடுக்களையிலிருந்து அத்தை குரல்: "நம்ம சிலிண்டர் கேஸுல பாதிக்கு மேல வெளிநாட்டுல இருந்துதானே வருது? அங்க எவன் ஊர்ல குழி தோண்டுனான்னு நீங்க கேட்டீங்களா?"

மாமா வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

தூத்தூர் அலை:
ஒரு திருத்தம். குமரிக்குத் தெற்கே ஏலம் விட்டது ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேடும் வட்டாரங்கள். அது ஃபிராக்கிங் இல்லை. எங்கள் ஊர்க் கூட்டத்தில் இதைச் சொல்லப்போய் "நீ யாரு பக்கம்?" என்று திட்டு வாங்கினேன். ஆனால் மத்திய அரசின் 2016 கொள்கைப்படி எண்ணெய், எரிவாயு, ஷேல் (ஃபிராக்கிங்கில் எடுக்கும் பாறை வாயு) எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம்தான். பயப்படுகிறவரை அறியாதவர் என்று தள்ள முடியாது. டெல்டாவுக்காவது 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. எங்கள் கடலுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. குமரிக்குத் தெற்கே உள்ள வெட்ஜ் பேங்க், இலங்கையுடனான 1976 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு உறுதியான மீன்வளத் திட்டு. அங்கே தூண்டில் போட்டு வளர்ந்த ஆளிடம் "கடலடியில் ஒன்றும் ஆகாது" என்று கோட்டு போட்டவர் சொன்னால் எப்படி இருக்கும்?

ஆரல்வாய்மொழி:
எங்க வாசலிலேயே காற்றாலை. ஆடியில் சுற்றுகிற சுற்றில் பேச்சே கேட்காது. காற்று ஓய்ந்த மாதத்தில் அதே இறக்கையில் காக்கை உட்கார்ந்திருக்கும். எரிவாயு வேண்டாம், காற்றாலை போதும் என்ற தம்பியிடம் அந்த நாட்களில் கரண்டுக்கு என்ன செய்வது என்று கேட்டேன், இன்னும் என்னிடம் பேசவில்லை.