கருத்துப் படிவம், முறைப்பாட்டுப் பெட்டி: உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

குளத்தடியான்:
அம்மான்ர காணி பெர்மிட் விசயம், வன்னிக்குள்ள ஒரு ஒபிஸ், பேர் வேண்டாம். எல்லாம் முடிஞ்சு கடைசி சைன் மட்டும்தான் பாக்கி, அப்ப அந்தத் தம்பி கருத்துப் படிவத்தை நீட்டி "மிக நன்று எண்டதில புள்ளடி போடுங்கோ அம்மா" எண்டார். அவற்ற மற்றக் கை எங்கட ஃபைலுக்கு மேல. அம்மா அந்தக் கையைப் பாத்தா, பிறகு போட்டா. மாசக்கணக்கா அலைஞ்ச மனுசி. அந்தப் புள்ளடியும் மேல போய் சேவை நல்லா நடக்குது எண்ட கணக்கில சேந்திருக்கும், அதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

முறிகண்டி ரோட்:
எங்கட பக்கம் பெட்டி. திறப்பு ஆரிட்ட எண்டு கேட்டன், நான் ஆரைப் பற்றி எழுதிக்கொண்டு போனனோ அவரே லாச்சியை இழுத்துக் காட்டினார். துண்டை சேட் பொக்கற்றுக்குள்ள வச்சுக்கொண்டு திரும்பி வந்திட்டன். இதுக்கெல்லாம் ஒண்டும் செய்யேலாது.

நெடுங்கேணி அக்கா:
செய்யேலாது எண்டு சொல்லாதேங்கோ தம்பி. நான் எங்கட ரோட்டுத் திருத்தக் கணக்கு கேட்டு தகவல் உரிமை விண்ணப்பம் குடுக்கேக்க "உங்களுக்கு ஏன் இது" எண்டு கேட்டவை, காரணம் சொல்லத் தேவையில்லை எண்டு சட்டத்திலயே இருக்கெண்டன், வாங்கிச்சினம். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கச் சட்டம். எழுதத் தெரியாட்டி வாயால சொன்னாலும் தகவல் அலுவலர்தான் எழுதி எடுக்கவேணும், கிடைச்சதுக்கு துண்டும் தரவேணும், 14 வேலை நாளுக்குள்ள தருவினமோ இல்லையோ எண்டு முடிவு சொல்லவேணும், இல்லாட்டி மேன்முறையீடு, அதுக்கும் மேல தகவல் உரிமை ஆணைக்குழு. உந்தப் பெட்டியில எத்தினை முறைப்பாடு வந்தது, என்ன நடவடிக்கை எடுத்தவை எண்டே கேளுங்கோ. 2025இல அரச நிறுவனங்களில ஊழலைத் தடுக்க உள்ளக அலுவல்கள் பிரிவு எண்டு தொடங்கச் சொல்லி ஜனாதிபதி செயலகம் சுற்றறிக்கை விட்டது, உங்கட ஒபிஸில அதுக்கு ஆர் பொறுப்பு எண்டும் கேளுங்கோ. காசு கேட்டா நேர 1954க்கு கோல் எடுங்கோ, அது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின்ர நம்பர்.

குளத்தடியான்:
அக்கா, சட்டம் எனக்கும் தெரியும். சின்ன ஊர், பேர் போட்டுக் கேட்டா பின்னேரத்துக்குள்ள எல்லாருக்கும் தெரியும், பெர்மிட் கிடக்கிறது அவையின்ர அலுமாரிக்குள்ள. 2024 ஊழல் சுட்டெண்ணில (100 எண்டா ஊழலே இல்லாத மாதிரி) இலங்கைக்கு 100க்கு 32, அதுவும் நிபுணரும் வியாபாரக்காரரும் சொன்னதை வச்சுப் போட்டது, வரிசையில நிக்கிற சனத்தை ஆர் கேட்டது? வேலை முடிஞ்ச பிறகு, அந்த ஒபிஸோட சம்பந்தமில்லாத ஒராள் வீட்ட வந்து கேட்டாத்தான் அம்மா வாய் திறப்பா.

முறிகண்டி ரோட்:
வந்தா எங்கட வீட்டுக்கும் அனுப்புங்கோ அண்ணை, அந்தத் துண்டு இன்னும் என்னட்டக் கிடக்குது.