சிவப்பணு ஃபோலேட் பரிசோதனை: இன்னும் தேவையா?

நிலாமுற்றம்: ரத்தசோகைக்காகப் பரிசோதித்தேன். சிவப்பணுக்கள் பெருத்திருக்கின்றன. ஃபோலேட் என்ற பி வைட்டமின் சீரத்தில், அதாவது அணுக்கள் நீங்கிய ரத்தநீரில், இயல்பு; சிவப்பணுவுக்குள் குறைவு. "இதை யார் பார்க்கச் சொன்னது?" என்று கேட்டுவிட்டு, மருத்துவர் பி12 வைட்டமின் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். நான் எந்த எண்ணை நம்புவது?

பழைய நுண்ணோக்கி: சிவப்பணுவைத்தான். சீரம் சொல்வது அண்மையில் சாப்பிட்டதன் கணக்கு. சிவப்பணுவோ எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போது ஃபோலேட்டை எடுத்துக்கொள்வதோடு சரி. ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் சில மாத இருப்பை அது காட்டிவிடும். 1960களின் தொடக்கத்தில் விக்டர் ஹெர்பர்ட் என்ற மருத்துவர் ஃபோலேட் மிகக் குறைந்த உணவைத் தாமே மாதக்கணக்கில் உண்டு பார்த்தார். சீரம் அளவு மூன்றே வாரத்தில் சரிந்தது. சிவப்பணு அளவு சரிய நான்கு மாதம் பிடித்தது.

மதிய ஷிப்ட்: கதை அழகாக இருக்கிறது. ஆய்வக மேசைக்கு வாருங்கள். முழு ரத்தத்தை அஸ்கார்பிக் அமிலத்தில் சிதைக்க வேண்டும். அணுவுக்குள் ஃபோலேட்டோடு ஒட்டியிருக்கும் நீண்ட குளுட்டமேட் வாலைப் பிளாஸ்மா நொதி வெட்டும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு ஹெமட்டோகிரிட்டால், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கால், வகுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் பிழை ஏறும். முறைக்கு முறை எண்ணும் மாறும். அமெரிக்க மருத்துவ நோயியல் சங்கம் இந்தப் பரிசோதனையைக் கேட்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

பழைய நுண்ணோக்கி: சீரம் மட்டும் யோக்கியமா? மாதிரியில் சில அணுக்கள் உடைந்தாலே அளவு பொய்யாக ஏறிவிடும். கருவில் மூளையும் தண்டுவடமும் சரியாக உருவாகாத நரம்புக்குழாய்க் குறைபாட்டைத் தடுக்க உலக சுகாதார நிறுவனம் 2015இல் வரம்பு வைத்தது சிவப்பணு ஃபோலேட்டுக்குத்தானே? மில்லிலிட்டருக்கு 400 நானோகிராம்.

மதிய ஷிப்ட்: அது மக்கள்தொகை ஆய்வுக்கான வரம்பு. ஒரு நோயாளியின் சீட்டில் ஒட்டுவதற்கு அல்ல. அதுவும் நுண்ணுயிர் வளர்ச்சியால் அளக்கும் முறைக்கு உரியது. பெரும்பாலான ஆய்வகங்களில் இருப்பது தானியங்கிக் கருவி.

வார்டு ரவுண்ட்ஸ்: இருவரும் கேள்வி கேட்டவரை மறந்துவிட்டீர்கள். பி12 குறைந்தால் ஃபோலேட் மெத்தில் என்ற வேதி வடிவத்திலேயே சிக்கிக்கொள்ளும். அந்த வடிவத்துக்கு நீண்ட வால் சேராது. வால் இல்லாமல் அணுவுக்குள் தங்காது. சீரம் இயல்பு, சிவப்பணு குறைவு என்ற அதே படம்தான் வரும். அந்த மருத்துவர் கேட்ட பரிசோதனை சரி. நிலாமுற்றம், பாதத்தில் மரத்துப்போதல் உண்டா?

நிலாமுற்றம்: இரண்டு மாதமாக. வயதின் கோளாறு என்று விட்டுவிட்டேன்.

வார்டு ரவுண்ட்ஸ்: அதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்! நாளையே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஃபோலேட்டின் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலத்தை மட்டும் நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள். ரத்தம் தேறியதுபோல் தெரியும். பி12 குறைவாக இருந்தால் நரம்புச் சேதம் உள்ளே தொடரும்.

பழைய நுண்ணோக்கி: ஆக, சிவப்பணு எண் பொய் சொல்லவில்லை.

மதிய ஷிப்ட்: சொல்லவில்லைதான். ஆனால் உங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் இவர் இந்நேரம் ஃபோலிக் அமிலம் விழுங்கியிருப்பார்.