குகனுக்கு ஒரு சட்டை

ராணி மாமி: ரவி, நல்லூர்க் கோயில் தேருக்கு வரும்போது குகனுக்கு ஒரு குண்டு துளைக்காத சட்டை கொண்டு வா. கடை பூட்டி ஒன்பதரைக்குத்தான் வருகிறான். ஒழுங்கைக்குள் வாளோடு பொடியள் நிற்கிறார்களாம்.

குகன்: யார் சொன்னது?

ராணி மாமி: மீன்காரர்.

செல்வி சின்னம்மா: அவர் போன கிழமை சுனாமி என்றும் சொன்னவர்

ரவி (கனடா): மாமி, நான் செக்யூரிட்டி வேலையில் தினமும் போடுகிறேன், கேளுங்கோ. எதுவும் துளைக்காத சட்டை என்று ஒன்று இல்லை. உடுப்புக்குள் போடும் மெல்லியது கைத்துப்பாக்கிக் குண்டைத்தான் தாங்கும். ரைபிளுக்கு நெஞ்சிலும் முதுகிலும் பீங்கான் தகடு வைக்க வேண்டும். தகடு ஒன்று இரண்டரை, மூன்று கிலோ வரும்.

குகன்: அதற்கு சீனி மூட்டையைக் கட்டலாம்

ரவி (கனடா): குண்டு நின்றாலும் இடி உள்ளே இறங்கும். அமெரிக்கப் பரிசோதனையில் சட்டைக்குப் பின்னால் வைத்த களிமண் 44 மில்லிமீற்றர் வரை குழிந்தாலும் பாஸ்தான். படத்தில் போலத் தட்டிவிட்டு எழும்ப ஏலாது. விலா முறியலாம்.

ராணி மாமி: துவக்கை ஏன் இழுக்கிறாய்? நான் சொன்னது வாள்.

ரவி (கனடா): அங்கேதான் பிழை. குண்டு நசிந்து விரியும், இழைகள் பிடித்துக்கொள்ளும். கத்திமுனை இழையை விலக்கிக்கொண்டு போய்விடும். குத்துக்கு வேறு சட்டை, வேறு பரிசோதனை. அதுவும் உடம்புக்குத்தான். வாள் விழுவது கையிலும் தலையிலும்.

குகன்: அத்தான், நல்லூருக்குள் மேல்சட்டை கழற்ற வேண்டும். இதைச் செருப்போடயா வைக்கிறது?

செல்வி சின்னம்மா: 😂😂

ராணி மாமி: எல்லாம் பகிடி உங்களுக்கு.

பாலன் சித்தப்பா (லண்டன்): என் சிநேகிதனிடம் பழையது ஒன்று இருக்கு. சும்மா தருவான்.

ரவி (கனடா): வேண்டாம் சித்தப்பா. பெரும்பாலும் ஐந்து வருடத்துக்குத்தான் உத்தரவாதம். சைலான் என்ற இழை சூட்டிலும் ஈரத்திலும் நைந்துபோகிறது என்று, அந்தச் சட்டைகளை 2005இல் அமெரிக்காவில் அங்கீகாரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்து வியர்வைக்கு யோசித்துப் பாருங்கோ.

செல்வி சின்னம்மா: வேலை நேரத்திலா இவ்வளவும் எழுதுகிறாய்?

ரவி (கனடா): கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் நான் என்ன சொல்வது? போனமுறை உங்கள் மிளகாய்த்தூளுக்கே இங்கே நாய் வந்து நின்றது.

செல்வி சின்னம்மா: தூள் நல்லதென்றால் நாயும் நிற்கும். இரண்டு கிலோ காசு இன்னும் வரவில்லை.

பாலன் சித்தப்பா (லண்டன்): 👀

ராணி மாமி: சரி, சட்டை வேண்டாம். குகன், எட்டு மணிக்குக் கடை பூட்டு.

குகன்: ஒன்பது

ராணி மாமி: எட்டு.

குகன்: பார்ப்போம்

ரவி (கனடா): ஹெல்மெட்டையாவது பட்டி பூட்டிப் போடச் சொல்லுங்கோ மாமி.

ராணி மாமி: அதை ஹாண்டிலில் கொழுவிக்கொண்டெல்லோ போகிறான்.

குகன்: 🙏

செல்வி சின்னம்மா: ரவி, இந்தமுறை தூள் எத்தனை கிலோ? காசு முதலில்.