மறு: ஈஎஸ்சி, ஏபிஎஸ் சொற்கள்: "உணரிப் பழுது" வேணாம், "குறிகை முரண்" வைக்கலாம்

குழுவுல எல்லாருக்கும் வணக்கம்,

வண்டிச் சொற்களுக்குத் தமிழ் தேடற நம்ம வாகனப் பட்டியல்ல மத்த பகுதியெல்லாம் முடிஞ்சு, ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம தடுக்கறது), ஈஎஸ்சி (வண்டி வழுக்காம நிலையா வைக்கற ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல்) ரெண்டும் கோளாறு வந்தா காட்டற குறியீடுகளுக்கு, அதாவது ஃபால்ட் கோடுகளுக்கு, சொல் வைக்கற இந்தப் பகுதி மட்டும் நிக்குது. உணரின்னா சென்சார், குறிகைன்னா அது அனுப்பற சிக்னல். வந்த மடலெல்லாம் மொத்தமா உக்காந்து படிச்சேன், எனக்கு இதுல ஒரு விஷயம் ரொம்ப முக்கியம்னு படுது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்குங்க.

> டாஷ்போர்டுல வர்ற ஃபால்ட் கோடு எல்லாத்துக்கும் "உணரிப் பழுது" போதும். சுருக்கமா இருக்கு, மெக்கானிக்குக்கும் புரியும்.

ஐயா, சுருக்கமா இருக்குங்கறது உண்மைதான். ஆனா அந்தச் சொல்லப் படிக்கிற பையன் என்ன செய்வான்? உணரியக் கழட்டி வீசிட்டு புதுசு மாட்டுவான். கோடு அப்படிச் சொல்லவே இல்ல.

எடுத்துக்காட்டுக்கு அஞ்சாம் தலைமுறை கார்வெட்ட எடுத்துக்கறேன், 1997ல இருந்து 2004 மாடல் வரைக்கும் வந்த அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார். ஏன் அதுன்னா, ஸ்கேனர் (கோடு படிக்கற கருவி) இல்லாமலே கோடு பாக்கலாம், சாவிய ஆன் பண்ணி ஆப்ஷன்ஸ் பட்டன அழுத்திப் பிடிச்சிட்டு ஃப்யூயல் பட்டன நாலு தரம் தட்டினா போதும், ஒவ்வொரு கம்ப்யூட்டரா வரிசையா கோடு காட்டும், பிரேக் கம்ப்யூட்டர் 28 டிசிஎஸ்னு வரும். அதுல ஸ்டெபிலிட்டி கண்ட்ரோலுக்கு ஆக்டிவ் ஹேண்ட்லிங்னு பேரு, 1998ல ஆப்ஷனா வந்து 2001ல எல்லா வண்டிக்கும் ஸ்டாண்டர்ட் ஆச்சு. (பேருதான் கம்பெனிக்கு கம்பெனி வேற: போர்ஷேல பிஎஸ்எம், பிஎம்டபிள்யூல டிஎஸ்சி, நிசான்ல விடிசி. 1995ல பாஷ் கம்பெனி மெர்சிடிஸுக்குக் கொடுத்தப்ப வச்ச பேரு ஈஎஸ்பி. நமக்கு ஒரே சொல் போதும், "நிலைப்புக் கட்டுப்பாடு". அதுல யாரும் சண்டை போடல, அப்படியே விட்டுடலாம்.)

இந்தக் கம்ப்யூட்டருக்கு கண்ணு கிடையாது. நாலு சக்கரத்தோட வேகம், ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கு, வண்டி தன்னோட நட்டக்குத்து அச்சுல எவ்வளவு வேகமா சுத்துது, பக்கவாட்டுல எவ்வளவு தள்ளுது, பிரேக் எவ்வளவு அழுத்தத்துல இருக்கு, இவ்வளவுதான் அதுக்குத் தெரியும். ஸ்டியரிங்கையும் வேகத்தையும் வச்சு வண்டி இப்படித் திரும்பணும்னு கணக்குப் போடும், நிஜத்துல திரும்பறதோட ஒப்பிடும், ஒத்து வரலேன்னா ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு வண்டிய நேராக்கும். பின்பக்கம் வீசினா வெளிப்பக்க முன்சக்கரம், மூக்கு திரும்பாம நேராப் போனா உள்பக்க பின்சக்கரம். அதாவது அதோட முழு வேலையுமே ஒப்பிட்டுப் பாக்கறது. தனக்கு வர்ற தகவல் ஒழுங்கா இருக்கான்னு சோதிக்கறதும் அதே மாதிரி ஒப்பிட்டுத்தான்.

அதனால கோடு மூணு வகையாப் பிரியுது, நம்ம சொல்லும் அப்படிப் பிரியணும்னு கேக்கறேன்.

முதல் வகை, கரண்டு போற பாதையிலயே கோளாறு. சி1232ல இருந்து சி1235 வரைக்கும் நாலு கோடு, சக்கரத்துக்கு ஒண்ணு, வயர் அறுந்திருக்கு இல்ல ஷார்ட் ஆயிருக்குன்னு அர்த்தம். இத மல்டிமீட்டர்ல நேராப் பாத்துடலாம். அந்த வண்டியில இருக்கறது காயில் வகை உணரி, நல்லா இருந்தா ஆயிரம் ஓம் பக்கத்துல காட்டும், அளக்கும்போதே வயர அசைச்சுப் பாக்கணும், ஏன்னா சஸ்பென்ஷன் ஆடி ஆடி இன்சுலேஷனுக்கு உள்ள கம்பி மட்டும் விட்டுப் போயிருக்கும், வெளிய பாத்தா தெரியவே தெரியாது. சி1214ம் இந்த வகைதான், பிரேக் வால்வுகளுக்குக் கரண்டு கொடுக்கற ரிலே பாதை திறந்திருக்குன்னு சொல்லும். பல வண்டியில கம்ப்யூட்டருக்கு உள்ள அந்த ரிலேயோட ஈயப்பத்து விரிசல் விட்டதுதான் காரணமா இருந்திருக்கு, ஆனா அதத் தொறக்கறதுக்கு முன்னாடி ஃப்யூஸ், பேட்டரி வோல்டேஜ், எர்த் மூணையும் பாத்துடணும். எலக்ட்ரானிக் பாதிய மட்டும் ஸ்க்ரூ கழட்டி எடுத்துடலாம், பிரேக் ஆயில் லைன்ல கை வைக்கவே வேணாம், இதச் சொல்லாம மொத்த யூனிட்டையும் கழட்ட வைக்கறவங்க இருக்காங்க. இந்த வகைக்கு "சுற்றுப் பழுது" சரியா பொருந்துது. பாடநூல்ல இருக்கற திறந்த சுற்று, குறுக்குச் சுற்று ரெண்டும் இதுக்குள்ள அடங்கிடும்.

ரெண்டாவது, பாதை நல்லா இருக்கு ஆனா ஒண்ணும் வரல. சி1221 முதல் சி1224 வரைக்கும், மத்த சக்கரம் ஓடுது இந்தச் சக்கரம் மட்டும் சைபர். "குறிகையின்மை" போதும், இதுல பேச ஒண்ணும் இல்ல.

மூணாவதுதான் விவகாரம். வயரும் நல்லா இருக்கு, குறிகையும் வருது, ஆனா அது சொல்றது நடக்கற காரியமா இல்ல. சி1225 முதல் சி1228 வரைக்கும் பாருங்க, சக்கர வேகம் தாறுமாறா ஏறி இறங்குதுன்னு அர்த்தம். உணரி கெட்டிருக்கலாம், ஆனா பேரிங் லூஸா இருந்தாலும் இதே கோடுதான், ஏன்னா உணரிக்கும் சக்கரத்தோட சேந்து சுத்தற பல்வளையத்துக்கும் நடுவுல இருக்கற இடைவெளி ஆடிக்கிட்டே இருக்கும். சி1281 இன்னும் மோசம், உணரிகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகலன்னு மட்டும் சொல்லும், எதுன்னு சொல்லாது. அலைன்மென்ட் பண்ணும்போது ஸ்டியரிங்க நடுவுல நிறுத்தாம விட்டிருந்தாலும் வரலாம். டயர் அளவு மாறியிருந்தாலும் சக்கர வேகக் கணக்கு இடிக்கும், இந்த வண்டிக்கு முன்னாடி 17 இன்ச் பின்னாடி 18 இன்ச், யாராவது நாலையும் ஒண்ணாக்கிட்டா உணரிமேல குத்தம் சொல்ல முடியுமா? சி1291ம் பாருங்க, வண்டி வேகம் சட்டுனு குறையுது, பிரேக் லைட் சுவிட்ச் மட்டும் யாரும் மிதிக்கலன்னு சொல்லுது. அங்க கெட்டது சில சமயம் பெடல் பக்கத்துல இருக்கற சின்ன சுவிட்ச், சில சமயம் அதோட அட்ஜஸ்ட்மென்ட்.

இதுக்கெல்லாம் சேத்து "உணரிப் பழுது"ன்னு போட்டா என்ன ஆகும்னு யோசிங்க. இந்த கார்ல சக்கர உணரி ஹப் பேரிங்குக்குள்ளயே இருக்கு, தனியா மாத்த வழியில்ல, அந்த ஒரு சொல்ல நம்பினா முழு ஹப்பையும் வாங்கணும். வாங்கி மாட்டின அப்புறமும் லைட் எரியும், ஏன்னா கோளாறு கனெக்டர்ல இருந்திருக்கும்.

> "ஒவ்வாக் குறிகை" எப்படி? ஒத்து வராததுன்னு நேராச் சொல்லுது.

தம்பி, பொருள் சரியாத்தான் இருக்கு, ஆனா ஒவ்வாமைன்னா ஜனங்களுக்கு அலர்ஜிதான் ஞாபகம் வருது, அந்தச் சொல் அங்க குடியேறிடுச்சு. "நம்பத்தகாத குறிகை"ன்னு இன்னொருத்தர் சொன்னதும் எனக்கு ஒப்பல, அது குறிகை அனுப்பினவன் மேல ஏற்கெனவே தீர்ப்பு எழுதிடுது.

நான் முன்வைக்கறது "குறிகை முரண்". முரண்னு சொன்னாலே ரெண்டு தரப்பு வேணும், ரெண்டுல யார்மேல தப்புன்னு அந்தச் சொல் சொல்லாது. பஞ்சாயத்துல ரெண்டு சாட்சி மாத்திச் சொன்னா விசாரணை இனிமேதான் ஆரம்பிக்கணும், யாரையும் உள்ள தள்ளிட முடியாது. மெக்கானிக்கும் இந்த மூணாவது வகைக் கோடப் பாத்ததும் அந்த நிதானத்துக்குத்தான் வரணும்.

இதுல ஒரு நியாயமான கேள்வி வரும்னு நினைக்கறேன். சி1225ல ஒரே ஒரு சக்கரம்தானே, எதோட முரண்? அதுக்குள்ளயேதான். ஒரு நொடியோட சின்னப் பங்குக்குள்ள எந்தச் சக்கரமும் அவ்வளவு வேகம் ஏறி இறங்க முடியாது, முன்ன சொன்னதுக்கும் இப்ப சொல்றதுக்கும் இடிக்குது. அதனால உள்பிரிவா ரெண்டு வைக்கலாம்: ஒரே குறிகை தனக்குத்தானே முரண்பட்டா "தன்முரண்", ரெண்டு மூணு குறிகை ஒண்ணோட ஒண்ணு முரண்பட்டா "இடைமுரண்". பிரிச்சா வேலையும் பிரியும். தன்முரண்னா அந்த ஒரு மூலைக்குப் போயி வயர், கனெக்டர், பேரிங் ஆட்டம் பாக்கணும், ஜாக்கி போட்டு தூக்கி சக்கரத்தக் கையால சுத்தி ஏசி வோல்டேஜ் சீரா வருதான்னு அளக்கணும். இடைமுரண்னா கைய எங்கயும் வைக்காம முதல்ல ஸ்கேனர்ல எல்லா அளவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு நேர் ரோட்டுல ஓட்டிப் பாக்கணும், அங்க சுழல் வேகமும் (வண்டி தன்னோட அச்சுல சுத்தற வேகம், இங்கிலீஷ்ல யா ரேட்) பக்கத் தள்ளலும் சைபர் பக்கம் இருக்கணும், ஸ்டியரிங் நடுவுல இருக்கணும், எது மட்டும் தள்ளி நிக்குதோ அங்க இருந்து ஆரம்பிக்கணும்.

கோடு பக்கத்துல வர்ற ரெண்டு எழுத்துக்கும் சொல் வேணும், சி வந்தா இப்ப இருக்கற கோளாறு, எச் வந்தா முன்ன வந்து பதிவானது. "நடப்பு", "பழம்பதிவு". பேட்டரி வோல்டேஜ் இறங்கின வண்டியில பழம்பதிவு வரிசையா நிக்கும், அத எழுதி வச்சிட்டு அழிச்சு, ஓட்டி, திரும்ப வர்றத மட்டும் துரத்தணும். எழுதாம அழிச்சிடாதீங்கன்னு விளக்கத்துல ஒரு வரி சேக்கச் சொல்லிக் கேட்டுக்கறேன்.

யா ரேட்டுக்கு "சுழல் வேகம்"னு மேல எழுதியிருக்கேன், எனக்கே அதுல முழு திருப்தி இல்ல, சக்கரச் சுழற்சியோட குழம்பும். "முகத்திருப்பு வீதம்"னு ஒண்ணு தோணுது, வண்டி மூக்கு எவ்வளவு வேகமா திரும்புதுங்கறதுதானே விஷயம். கப்பல், விமானப் பக்கம் வேலை செஞ்சவங்க யாராவது குழுவுல இருந்தா சொல்லுங்க, அங்கயும் இதே அசைவுதான், ஒரே சொல்லா இருந்தா நல்லது. விட்டு விட்டு வர்ற கோளாறுக்கும் இன்னும் ஒத்தச் சொல் அமையல, "இடைவிட்ட பழுது" எனக்கு நீளமாப் படுது. இந்த ரெண்டுக்கும் பதில் வந்ததும் பட்டியல்ல ஏத்திடறேன், மத்தத இன்னைக்கே ஏத்தறேன், மறுப்பு இருக்கறவங்க தயங்காம எழுதுங்க.